புத்தகத்தில் இல்லாத எட்டாவது எக்சர்சைஸ்

முதல் நாள்

"தம்பி, உமக்கு ட்ரில் தெரியுமோ?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "தெரியுங்க சேர்" என்று சொல்லிவிட்டேன். சுத்தப் பொய். என்னுடைய முப்பத்திரண்டு வருட உத்தியோகம் அந்தப் பொய்யில்தான் தொடங்கியது. இப்போது வேலைக்கு வரும் இளம் மாஸ்டர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், மேட்டுச் சரிவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். ஹெட்மாஸ்டர் யாழ்ப்பாணத்து மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கையில் குடை. வகுப்புக்குள்ளே இருக்கும்போதும் குடையைக் கீழே வைக்கமாட்டார். மற்ற மூன்று வாத்தியார்களில் இளையவருக்கே ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வாதம் வேறு. ஆகவே ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் ட்ரில் என் தலையில் விழுந்தது.

உத்தியோகம் தற்காலிகம். ஆறு மாதத்தில் இன்ஸ்பெக்டர் வந்து ட்ரில் பார்ப்பார். அவர் நன்றாக எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் நான் பிலிமத்தலாவையில் மாமாவின் கருவாட்டுக் கடைக்குப் போகவேண்டும். மாமா தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விடுமுறை அந்தக் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். மூன்று தரம் குளித்தாலும் வாடை போகாது. தெருவில் போனால் நாய்கள் கூடவே வரும். கல்விப் பணி, இலட்சியம் என்றெல்லாம் கதை விட எனக்குத் தெரியாது. கருவாட்டுக்குப் பயந்துதான் வாத்தியாரானேன்.

ட்ரிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டவுனில் தொண்டர் படை பரேட் நடக்கும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். சார்ஜண்ட் எப்படிக் கத்துவார் என்பது மனப்பாடம், எதற்குக் கத்துகிறார் என்பது தெரியாது. ஹெட்மாஸ்டர் அலுமாரியைத் திறந்து, கறையான் பாதி தின்ற ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைத் தந்தார். அதில் ஏழு எக்சர்சைஸ், படத்தோடு இருந்தன. முதல் படத்தில் ஒருவன் குனிந்திருப்பான், பக்கத்தைப் புரட்டினால் நிமிர்ந்திருப்பான். நடுவில் என்ன செய்தான் என்று யாரும் வரைந்து வைக்கவில்லை. அதனால் முதல் மாதம் என் பிள்ளைகள் குனிந்தால் குனிந்தபடியே, நான் பக்கம் புரட்டும்வரை காத்திருந்தார்கள். ஒருநாள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. நாற்பது பேரும் பாவம், பெல் அடிக்கும்வரை குனிந்தே நின்றார்கள்.

எங்கள் மைதானம்

மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு, அவ்வளவுதான். பத்துப் பேர் கொண்ட நாலு வரிசை. மேலே முதல் வரிசை, கீழே நாலாம் வரிசை, அதற்கும் கீழே புதர் மண்டிய பற்றைக்காடு. நான் எல்லாருக்கும் மேலே, ஒரு கல்லின்மேல் நிற்பேன். பந்து விளையாட்டு சரிப்படவில்லை. முதல் பந்து பற்றைக்குள் போனது. இரண்டாவது, சரிவில் உருண்டு ரோட்டுக்குப் போய், மடவளை பஸ்ஸின் கூரையில் ஏறிக்கொண்டது. முதல் வரிசையில் நிற்கும் ஜமால்தீன் மடவளைப் பிள்ளை. அவன்தான் அடுத்த நாள் அதைக் கொண்டுவந்து தந்தான்.

பந்து போனால் போகட்டும். அட்டைக்கு என்ன செய்வது? மழை ஒரு சிணுங்கு சிணுங்கினால் போதும், புல் முழுக்க அட்டை எழும்பி நிற்கும். எங்கள் பிள்ளைகள் வெறுங்கால். "அட்டென்ஷன்" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். ஒருவன் காலைத் தூக்குவான், ஒருவன் சாரத்தை உதறுவான், ஒருவன் பக்கத்தில் நிற்பவன் முதுகில் தேய்ப்பான். பத்து நிமிஷத்தில் வரிசை இருந்த இடமே தெரியாது.

கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். அட்டென்ஷனில் நின்றால் அட்டை கடித்தாலும் அசையக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. அதற்குப் பதிலாக, அட்டை பிடுங்குவதையே ஓர் எக்சர்சைஸாக்கிவிட்டேன். புத்தகத்தில் ஏழு, என்னுடையது எட்டாவது. வன் என்றால் குனிய வேண்டும். டூ என்றால் காலைத் தடவிப் பிடுங்க வேண்டும். த்ரீ என்றால் விரலில் உருட்டித் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எறிய வேண்டும். ஃபோர் என்றால் நிமிர வேண்டும். முதலில் பக்கவாட்டில் எறியச் சொன்னேன். அடிபிடியாகிவிட்டது. பின்பக்கம் எறியச் சொன்ன பிறகு ஒரு சச்சரவும் இல்லை. கல்லின்மேல் நின்று பார்த்தால் முதல் வரிசை அப்படி அழகாக இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹெட்மாஸ்டரின் பயம்

இன்ஸ்பெக்டர் வரும் வாரம் ஹெட்மாஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"அட்டை எண்ட சொல்லே அவரிட காதிலை விழக்கூடாது. மைதானம் சரியில்லை எண்டு எழுதினாரெண்டால் ட்ரில் நிக்கும். ட்ரில் நிண்டால் நீரும் மாமாவிட்டைத்தான் போகோணும், விளங்குதோ?"

விளங்கியது. கருவாட்டு வாடையே மூக்கில் அடித்தது. கதவைச் சாத்தியவர் ஜன்னலைச் சாத்தவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம் நல்ல வெயில். சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் வரும் நாள் விடியற்காலையில் மழை ஊற்றித் தள்ளியது. ஜமால்தீன் வாப்பாவின் கடையிலிருந்து சவர்க்காரம் கொண்டுவந்தான். புகையிலைத் தண்ணீரில் கரைத்து, எல்லாப் பிள்ளைகளும் காலில் பூசிக்கொள்ளட்டும் என்று ஒரு சட்டியில் கொடுத்துவிட்டேன். சவர்க்காரம் பூசிய காலில் அட்டை ஏறாது. பூசி முடித்ததும் எனக்கு உயிர் வந்தது. நாலாம் வரிசைக்குப் போய்ச் சேரும்போது சட்டியில் நுரை மட்டும்தான் மிஞ்சியிருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர்

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், ஆறடி உயரம். அரைக் காற்சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை. நேராக வந்து முதல் வரிசைக்கு முன்னால் புல்லில் நின்றார். பக்கத்தில் குடையோடு ஹெட்மாஸ்டர்.

ஏழு எக்சர்சைஸும் நன்றாகவே போயின. ஏழாவது முடிகிறபோதுதான் பார்த்தேன். துரையின் காலுறையில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. மேலே சவர்க்காரம் பூசாத கால் எது என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது. நாற்பது பேருக்கும் பூசவைத்த எனக்கு, வந்த விருந்தாளிக்குக் கால் இருக்கும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

வேறு வழியில்லாமல் "எட்டு" என்று கத்தினேன். ஜமால்தீன் கெட்டிக்காரன். வன் என்றதும் ஓர் அடி முன்னால் வந்து குனிந்தான். டூ என்றதும் துரையின் காலைத் தடவினான். த்ரீ என்றதும் தோளுக்கு மேலாக எறிந்தான். ஃபோர் என்றதும் ஒன்றும் நடக்காதவன்போல் நிமிர்ந்து நின்றான்.

துரைக்கு அது பிடித்துப்போயிற்று. இந்த எக்சர்சைஸ் எதற்கு நல்லது என்று கேட்டார். இடுப்புக்கு நல்லது என்றார் ஹெட்மாஸ்டர். துரை இன்னொரு தரம் செய்யச் சொன்னார். இரண்டாவது அட்டையும் போனது. இந்தப் பிள்ளை மட்டும் ஏன் என் காலைத் தொடுகிறான் என்று அடுத்த கேள்வி. பெரியவர்களின் காலைத் தொடுவது எங்கள் ஊர் மரியாதை என்று ஹெட்மாஸ்டர் கண் சிமிட்டாமல் சொன்னார். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் அவ்வளவு சரளமாகப் பொய் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. துரை மகிழ்ந்துபோய் மூன்றாவது தரமும் செய்யச் சொன்னார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்த ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். நான் தப்பிவிட்டேன். இருவரும் படியை நோக்கி நடந்தார்கள்.

நாலாம் வரிசை

"டிஸ்மிஸ்" சொல்ல வாயைத் திறந்தபோது கீழே ஒரு வெள்ளைச் சட்டையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கல்லிலிருந்து இறங்கிப் போனேன். ஆறு மாதத்தில் நான் நாலாம் வரிசைக்குப் போனது அன்றுதான் முதல் தடவை.

வேலாயுதம் நின்றுகொண்டிருந்தான். ஆறாம் வகுப்பு, முனிசிபல் தொழிலாளி ஒருவரின் மகன். அட்டென்ஷன் என்றால் அப்படி ஓர் அட்டென்ஷன். கழுத்தில் அட்டை, தோளில் அட்டை, முழங்காலுக்குப் பின்னால் கொத்தாக. பதினொன்றுவரை எண்ணினேன். இரத்தம் கணுக்கால்வரை வழிந்திருந்தது. கண் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்திலும் நின்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

துரை படி ஏறிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் கேட்டைத் தாண்டிவிடுவார். பொறுக்கலாமா என்று நான் யோசித்தேன். ஒரு மூச்சு நேரம்தான், ஆனாலும் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"எல்லாரும் அசைங்கடா. அட்டையைப் பிடுங்குங்க" என்று கத்தினேன். துரை திரும்பிப் பார்த்தார்.

வேலாயுதத்தின் கழுத்திலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டே, ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அசைஞ்சா அட்டை இருக்குன்னு தொரைக்குத் தெரிஞ்சிரும் சேர். தெரிஞ்சா நீங்க கருவாட்டுக் கடைக்குப் போயிருவீங்களாம். ஜமால்தீன் ஜன்னல்ல கேட்டுட்டு வந்து எல்லாருக்கிட்டயும் சொன்னான்."

தோளிலிருந்ததையும் பிடுங்கினேன். அவன் நிறுத்தவில்லை. ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்:

"முன்னால உள்ளவங்க எறியுறது எல்லாம் எங்க மேலதான் சேர் விழும். எப்பவும் அப்படித்தான்."

துரை கீழே வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தன் காலுறையைக் கீழே இறக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு கிடந்தன, நன்றாகக் குடித்துப் பருத்து. இன்றைய மழைக்குத்தான் வந்தது என்று ஹெட்மாஸ்டர் தொடங்கினார். துரை அவரை விட்டுவிட்டு, எவ்வளவு நாளாக என்று என்னைக் கேட்டார். ஆரம்பத்திலிருந்தே என்றேன். எட்டாவது எக்சர்சைஸ் என்ன என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எழுதியதை அடித்துவிட்டு, வேறு ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். ஹெட்மாஸ்டர் அன்று முழுவதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடிதம்

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா வேறு, கடையில் உனக்கு ஒரு மேசை வாங்கி வைத்திருக்கிறேன் என்று ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். இன்ஸ்பெக்டரின் கடிதம் வந்த நாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். போச்சுடா என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அந்தச் சரிவில் இனி ட்ரில் நடத்தக்கூடாது. சமமான நிலம் கிடைக்கும்வரை மண்டபத்துக்குள் நடத்த வேண்டும். எட்டாவது எக்சர்சைஸ் இன்றோடு நிறுத்தப்பட வேண்டும். அதற்குப் பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியை வாசித்தார்.

"மாஸ்டரை நிரந்தரமாக்கலாமாம். கடைசி வரிசைக்குப் போற வழி அவருக்கு இப்பதான் தெரிஞ்சிருக்காம், இனி மறக்கமாட்டாராம்."

பாராட்டா திட்டா என்று ஹெட்மாஸ்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் நாலாம் வரிசையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். வேலாயுதத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. முன்னால் நின்றால் பிழை விடுவது சேருக்குத் தெரிந்துவிடுகிறதாம். பிடிக்காவிட்டாலும் நில்லடா என்று நிற்க வைத்தேன்.

இளம் மாஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். விசிலை வாயில் வைப்பதற்கு முன் கடைசி வரிசைவரை ஒரு நடை போய்வாருங்கள். அங்கே நிற்கிறவனிடம் என்ன என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவன் பதில் சொல்லும்வரை நில்லுங்கள். முன்வரிசையைப் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள். அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.