பேச்சிமுத்து காவல் காத்த எறும்பு

அழகர்கோவில் பக்கம் ஒரு மாந்தோப்புக்குப் பேச்சிமுத்து காவல்காரர். வயது ஐம்பத்தெட்டு. உதிர்ந்து கிடக்கும் பழத்தைக்கூட முதலாளி சொல்லாமல் தொடமாட்டார். இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஆனால் என் எறும்பை ஒப்படைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அந்தத் தோப்பின் மூலையில், மக்கிய நாவல் கட்டைக்கு அடியில் ஒரு எறும்புக் கூட்டத்தைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றும் எள்ளில் பாதிதான். உலகத்திலேயே அபூர்வமாக அகப்படும் பேரினம்; சிலந்தி முட்டையைத் தவிர வேறெதையும் தின்னாது. மொத்தம் முப்பது இருக்கும். ஆறு மாதம் சுற்றுவட்டாரத்து மண்ணையெல்லாம் சலித்தும் இன்னொரு கூடு கிடைக்கவில்லை.

பேச்சிமுத்துவுக்கு லென்ஸில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இம்புட்டுதானா மேடம்?"

"இம்புட்டுதாண்ணே. பேப்பர் திருத்தப் போறேன், வர ஒரு மாசம் ஆகும். ஆடு மிதிக்காம, யாரும் தீ வைக்காம பாத்துக்கங்க."

"போயிட்டு வாங்க. என் உசுரு இருக்குமட்டும் ஒண்ணும் ஆகாது."

வாய்ப்பேச்சு இல்லை. மனைவி ராமக்காள் இறந்தபிறகு, சம்பளத்துக்குக் காக்கிற தோப்பைத் தவிர அவரை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை. திருப்பூரில் இருக்கும் மகன் போன் செய்வதையே விட்டுவிட்டான். கட்டையைச் சுற்றி முள்வேலி போட்டார். ஆட்டுக்காரர்களோடு மல்லுக்கு நின்றார்.

நான் திரும்பி வந்த அன்று, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்புட்டுப் பெருகிருச்சு பாருங்க மேடம்."

கட்டை முழுக்கச் சாரை சாரையாக எறும்பு. எல்லாம் நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு வருகிற கூட்டம். கட்டையைப் புரட்டினேன். என்னுடையதில் ஒன்றுகூட இல்லை.

தரையில் வெள்ளை வெள்ளையாக மாவு. சனிக்கிழமை எறும்புக்குப் பச்சரிசி மாவும் சர்க்கரையும் போட்டால் சனி விலகும் என்பது ஊரறிந்த விஷயம். இவர் தினமும் போட்டிருக்கிறார், தன் டீக்குச் சர்க்கரை போடாமல். "வாயில்லாச் சீவன், பசியோட கெடக்குமேன்னு" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆத்திரம் கண்ணை மறைத்தது. இது வேற எறும்பு, மாவு வாசத்துக்கு வந்தது, வந்த இடத்தில் அதைக் கொன்று தின்றுவிட்டது என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அது என்னதான் திங்கும் மேடம்?"

"சிலந்தி முட்டை."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

சொல்லியிருக்கலாம்தான். ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன். இவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் போனபோது தோப்பில் வேறு காவலாள் நின்றார். பேச்சிமுத்துவை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. எதையும் காக்கிற தகுதி தனக்கு இல்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அவராகவே போய்விட்டாராம்.