மச்சான் கொண்டுபோன டிஃபரன்ஷியல்

சிரித்துக்கொண்டே பழி வாங்குவதற்கு எங்கள் கொங்குப் பேச்சைப் போல வாகானது வேறு கிடையாது. வாயைத் திறந்தால் ‘ங்க’ வந்து உட்கார்ந்துகொள்ளும். அடி விழுந்தது எதிராளிக்கு வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும். என் மச்சானை, அதாவது என் மனைவியின் அண்ணனை, நான் அப்படித்தான் அடித்தேன். வருத்தமெல்லாம் இல்லை.

கணபதிப் பகுதியில் எனக்கு இரும்பு கடைகிற ஒரு லேத் பட்டறை. பார்த்துப் பழகிய தொழில்தான், படித்து வந்ததில்லை. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றைச் சொந்தக் கையால் கட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடம்பும் ‘கிட்’டாக, தனித்தனிச் சாமானாக, வந்துவிடும். என்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்கச் சாமான் எல்லாம் நாம்தான் பழைய வண்டிகளிலிருந்து தேடிப் பொருத்த வேண்டும். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்காது. தோட்டத்துப் பாதையில் ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் சட்டம் வாங்கிய செய்தி போனதும் மச்சானும் அதே இடத்தில் அதே சட்டத்தை வாங்கினார். காந்திபுரத்தில் ட்ராவல்ஸ், காங்கேயம் பக்கம் தென்னந்தோப்பு என்று வசதியான மனுஷன். எங்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்தால் அவர் வீட்டுக்கு அதைவிடப் பெரிய மிக்ஸி வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தானாம், என் மனைவியே சொல்வாள்.

எல்லாம் சேர்ந்தது, பின்பக்கம்தான் சேரவில்லை. என்ஜினிலிருந்து நீளமாக வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பி இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புக் குடம்தான் டிஃபரன்ஷியல். அதன் இரு பக்கமும் சக்கரத்துக்குப் போகிற தண்டுகள், டிரைவ் ஷாஃப்ட். ஜீப்பினுடையதை எடுத்தால் கனம். பழைய டாக்ஸியினுடையதை எடுத்தால் அகலம், சக்கரம் உடம்பைவிட்டு வெளியே வந்து நின்றது. கோவணத்துக்கு மேலே கோட்டு மாட்டின மாதிரி. வேன் சாமானில் பல் கணக்கு உதைத்தது, மலையேறும், ஆனால் ஓடாது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நான் குனிந்து பார்க்காத வண்டியில்லை.

கடைசியில் அங்கே ஒரு பாய் கடையில், விபத்தில் நசுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றின் அடியில் அது கிடைத்தது. அகலம் சரி, பல் கணக்கு சரி. அதன் காதுகளில் இருந்த நான்கு ஓட்டைகளும் என் சட்டத்தின் ஓட்டைகளோடு அச்சாகச் சேர்ந்தன. ஒரே ஒரு சங்கதி: தலைகீழாகப் பிடித்தால்தான் சேரும். அப்படி மாட்டினால் உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும், சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு கியர் என்று ஆகிவிடும். நேராக மாட்ட வேண்டுமென்றால் நடுவில் இரண்டு இரும்புத் தகடு கொடுக்க வேண்டும். என் லேத்துக்கு அது ஒரு மத்தியான வேலை.

எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அளவெடுத்துக்கொண்டு வந்து, அந்த டிஃபரன்ஷியலின் அளவுக்கே தகடுகளையும் இரண்டு டிரைவ் ஷாஃப்டுகளையும் செய்து முடித்தேன். அந்த ஷாஃப்டுகள் வேறு எதிலும் நுழையாது. அதற்கென்றே பிறந்தவை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மச்சான் வீட்டுக் காதுகுத்து விருந்தில் நானும் கெட்டேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம் எந்தக் கடை, எந்த வண்டி, நாலு ஓட்டையும் எப்படி அச்சாகச் சேருகிறது என்று கொட்டினேன். தலைகீழ் சங்கதியைச் சொல்ல வாயெடுத்தபோது இலையில் பாயசம் விழுந்தது. அது ஓடிவிடுமே என்று அதைக் கவனிக்கப் போய்விட்டேன். பாயசம் என்னைக் காப்பாற்றியது பின்னால்தான் புரிந்தது.

மறுநாள் வண்டியோடு உக்கடம் போனால் பாய் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“உங்க மச்சான் காலையிலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டாருங்களே. நீங்கதான் அனுப்புனீங்கன்னாரு. சொந்தக்காரராச்சேன்னு டீ வேற வாங்கிக் குடுத்தேன்.”

பாயைச் சொல்லிக் குற்றமில்லை. மச்சானுக்கு போன் செய்தேன்.

“ஆரு கொண்டாந்தா என்னங்க மாப்ள, குடும்பத்துக்குள்ளதான இருக்குது,” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “லேத் ஓட்டறவருக்குக் காரு எதுக்குங்க?”

டிஃபரன்ஷியல் போனதைக்கூட மறந்திருப்பேனோ என்னவோ, அந்தக் கடைசிப் பேச்சு நெஞ்சில் பிசிறாகக் குத்திக்கொண்டது. ஷாஃப்டுகளுக்கு கிரீஸ் தடவித் துணி சுற்றிப் பரண்மேல் வைத்தேன். அந்த டிஃபரன்ஷியல் என் பட்டறைக்கு வரவேண்டும், அதுவும் அவர் கையாலேயே வரவேண்டும். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

வந்தது. மச்சான் வண்டி முடிந்து பூஜை என்று தோட்டத்துக்கு அழைத்தார். பூஜை போடாத வண்டியை என்ஜின் ஓட்டி ஒரு முழம்கூட நகர்த்தக் கூடாதென்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஷெட்டிலிருந்து ஆட்களை விட்டுத் தள்ளிக்கொண்டுதான் பந்தலுக்கு வந்தார்கள். வண்டி சிவப்பில் பளபளத்தது. நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து அடியில் பார்த்தேன். டிஃபரன்ஷியலின் மேலே இருக்க வேண்டிய மூச்சுத் துளை கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மண்ணில் விழுந்தது. அந்தச் சொட்டைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

“எப்படிங்க மாப்ள, பொருந்தியிருக்குதுங்களா?”

“ஓட்டை அச்சாச் சேர்ந்திருக்குதுங்க மச்சான்.”

பொய் சொன்னேனா? இல்லையே. வண்டிக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை மட்டும் முறுக்குத் தருகிறேன் என்று அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். பகை மச்சானோடுதான்.

நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மச்சான் ஏறி உட்கார்ந்தார். முதல் கியரைப் போட்டு, சனம் பார்க்கட்டும் என்று கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்தார். எலுமிச்சம்பழங்கள் வைத்தது வைத்தபடி இருக்க, வண்டி பின்னால் பாய்ந்தது. சுண்டல் அண்டாவைச் சாய்த்து, பந்தல் காலில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. சனம் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. பிறகு அவருடைய பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

“ஏங்கண்ணு, வண்டிக்கு ஊட்டை உட்டுப் போக மனசில்லையாட்ட இருக்குது?”

காங்கேயம் வரை கேட்டிருக்கும் அந்தச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து என் மனைவி பூட்டைத் திறந்துகொண்டே, “பிள்ளைகளை எதுக்குங்க அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனீங்க?” என்றாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். உள்ளே போனவள் சமையலறையில் அடக்கமாட்டாமல் சிரித்ததைக் கேட்டேன்.

அடுத்த வாரம் மச்சான் பட்டறைக்கே வந்தார். அவருடைய ஃபிட்டர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். திருப்பி வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார்.

“திருப்பி வெச்சா ஓட்டை சேராதுங்களே மச்சான்,” என்றேன். அதுவும் உண்மைதான். தகடுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவை அவருக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தச் சனியனை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு உள்ளே குதித்தது. ஆனாலும் விடவில்லை.

“லேத் ஓட்டறவனுக்கு எதுக்குங்க அது?”

அவர் முகம் சுருங்கியது. நான் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார். “அட, உடுங்க மாப்ள. நானே கொண்டாந்து எறக்கிப்போட்டுப் போறனுங்க,” என்றார். சொன்னபடியே மறுநாள் தன் வண்டியில் ஏற்றி வந்து, தன் கையாலேயே பிடித்து இறக்கினார். சட்டையெல்லாம் கிரீஸ். நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பரணிலிருந்து ஷாஃப்டுகள் இறங்கின. இரண்டும் வெண்ணெயில் கத்தி போன மாதிரி உள்ளே போயின.

ஓட்டிப் பார்க்கத் தோப்புப் பாதைதான் வசதி. என் வண்டிக்கும் பூஜையை அவர் தோட்டத்திலேயே வைத்தேன். எலுமிச்சம்பழம் வைக்கிற மரியாதையை மச்சானுக்கே கொடுத்தேன். நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தவர், பின் சக்கரங்களுக்குப் பின்னாலும் இரண்டு வைத்தார்.

“எதுக்கும் இருக்கட்டுமுங்க மாப்ள,” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் இருந்த பழங்கள் நசுங்கின. தோப்பின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தோம். காற்றில் அவள் கொண்டை அவிழ்ந்துவிட்டிருந்தது. இறங்கியதும் முதல் வேலையாக, பின்னால் நசுங்காமல் கிடந்த இரண்டு பழங்களையும் பொறுக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் எதற்கென்று கேட்காமலேயே கழுவி, நறுக்கி, பிழிந்து, ஒரு டம்ளரைத் தன் அண்ணனிடம் நீட்டினாள்.

மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சர்க்கரையே போடலீங்களா அம்மணி?”

“உப்புப் போட்டிருக்கறனுங்கண்ணா,” என்றாள் என் மனைவி.