இரண்டு அங்குலம்

என் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும்தான். மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சரக்கு யார்டில் முப்பத்தாறு வருஷம் ஷன்டிங் வேலை பார்த்தவர். வந்து நிற்கும் வேகன்களைப் பிரித்து, எது எந்தக் கிடங்குக்குப் போக வேண்டுமோ அந்தப் பாதையில் தள்ளிவிட்டு, மறுபடி கோர்த்து அனுப்புகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நழுவிவிடுவார். எனக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர், அப்புறம் போகவே இல்லை. என் ஸ்கூல் பை தொடங்கி அம்மாவின் முட்டிவலி மாத்திரை வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்புதான்.

அவர் வந்த காரணம் அப்பா. அப்பாவும் அதே யார்டில்தான் வேலை பார்த்தார். இரண்டு வேகன்களுக்கு நடுவே நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது எஞ்சின் தள்ளி, அங்கேயே போய்விட்டார். முப்பத்து மூன்று வயது. விசாரணை அறிக்கையில் ஒரு வரி உண்டு: "கை காட்டிய பிறகு, யாரிடமும் சொல்லாமல் வேகன்களுக்கு நடுவே நுழைந்தார்." அன்றைக்கு எஞ்சின் டிரைவருக்குக் கை காட்டியவரும் மாமாதான், அதைப் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சியும் மாமாதான்.

அம்மா அந்த ஒரு வரியை மன்னிக்கவே இல்லை. அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. அது பீரோவில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. "ஒரு நிமிஷம் பொறுக்க முடியல அந்த மனுஷனுக்கு. பொண்டாட்டி புள்ளன்னு நெனப்பு இருந்தா போவாரா?" என்பாள். நான் டீயைக் கொட்டினாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், பெண் பார்க்க வந்தவனிடம் எடுத்தெறிந்து பேசினாலும் ஒரே பாட்டுதான்: "அவசரக்குடுக்கை. அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு." எனக்கு அப்பாவின் முகம்கூட ஞாபகம் இல்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தப் பட்டம் ஒன்றுதான். ஆகவே அவர் நிஜமாகவே அவசரக்காரரா என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குள் எப்போதும் இருந்தது. மாமாவிடம் கேட்டால், "அதான் அறிக்கையில எழுதியிருக்கேம்மா" என்பார். வேறு எதைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்கிறவர், இதில் மட்டும் மென்று விழுங்குவார். அதை நான் துக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற மறுமாதம், பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு கட்டு அமெரிக்கப் பத்திரிகைகளைச் சுமந்துகொண்டு வந்தார். எல்லாம் பொம்மை ரயில் கட்டுகிறவர்களுக்கான பத்திரிகைகள். வட்டமாகச் சுற்றி வருகிற ரயில் இல்லை. சுவரை ஒட்டிய ஒரு பலகை. அதில் ஒரு சின்ன எஞ்சின், ஏழெட்டு வேகன், நாலைந்து கிளைப் பாதை. எந்த வேகனை எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று ஒரு சீட்டு இருக்கும். முன்னே போய், பின்னே வந்து, கழற்றி, கோர்த்து அந்தச் சீட்டை முடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

"முப்பத்தாறு வருஷம் பண்ணது பத்தலையா மாமா? வீட்டுக்குள்ளயும் அதே ஷன்டிங்கா?"

"இது வேற. அமெரிக்கா ஸ்டைல்."

"என்ன பெரிய வித்தியாசம்?"

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, ஒன்றோடு ஒன்று மாட்டிக் காட்டினார். "இடிச்சா தானா பூட்டிக்கும். பூட்டறதுக்கு நடுவுல ஆள் போக வேண்டாம்."

வயசானவர், வசதி பார்க்கிறார் என்று விட்டுவிட்டேன். இரண்டும் இரண்டும் நாலு என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பத்தடி நீளச் சுவர் கூடத்தில் மட்டும்தான் இருந்தது. அம்மா முதலில் குதித்தாள். "கட்டிலை நகத்தணும், டிவியை நகத்தணும், அப்புறம் என்னையும் நகத்துவியா?" மாமா பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, நிஜ அளவிலேயே பாதைகளை வரைய ஆரம்பித்தார். அட்டையில் ஆறங்குலத் துண்டுகளாக வேகன்களை வெட்டிக்கொண்டார். அதைக் காகிதத்தின் மேல் தள்ளித் தள்ளிப் பார்ப்பார், அழிப்பார், மறுபடி வரைவார். மூன்று மாதம் இதே கூத்து. மாவு மில்லுக்கு ஒரு பாதை, காகிதக் கிடங்குக்கு ஒன்று, ஐஸ் ஃபாக்டரிக்கு ஒன்று, மரக்கடைக்கு ஒன்று. இடது கோடியில் எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க ஒரு முட்டுப் பாதை. எஞ்சினும் இரண்டு வேகனும் அதில் நின்றால்தான் வேலை ஓடும்.

பிளைவுட் அறுத்தது தெருமுனைத் தச்சர். தண்டவாளத்துக்கு ஒயர் பற்றவைத்தது நான். நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். பொடி வேலையெல்லாம் என் கைக்குப் பழக்கம். எஞ்சின் முதல் தடவை உறுமி நகர்ந்தபோது மாமா சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டார்.

முதல் சீட்டிலேயே தகராறு. எஞ்சினும் இரண்டு வேகனும் முட்டுப் பாதைக்குள் அடங்கவில்லை. கடைசி வேகனின் பின்சக்கரம் பாதை பிரிகிற இடத்தில் ஏறி நின்றுகொண்டது. பாதையை மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு வேகனாக இழுத்து, பத்து நிமிஷ வேலையை அரை மணி நேரம் செய்தார். பொம்மை ரயில் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருநாள் வீட்டுக்கே வந்து டேப்பை வைத்து அளந்து பார்த்தார்.

"சார், உங்க கணக்கு எல்லாம் கரெக்ட். ஆனா ஒவ்வொரு கிளைப் பாதையிலயும் கடைசி வேகனுக்கு முன்னாடி ரெண்டு அங்குலம் சும்மா விட்டிருக்கீங்க. அதனால பாதை பிரியற பாயிண்ட் எல்லாம் இடது பக்கம் தள்ளிப் போச்சு. முட்டுப் பாதை ரெண்டு அங்குலம் கொறைஞ்சு போச்சு. அந்த எடத்தை எடுத்துடுங்க, எல்லாம் சரியாயிடும்."

"அது சும்மா எடம் இல்ல" என்றார் மாமா.

"பின்ன எதுக்கு சார்?"

"ஆள் நிக்கறதுக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். நடுவே ஆளே போக வேண்டாத ரயில் வேண்டும் என்று பிடித்த பிடியாக நின்று கட்டிவிட்டு, அதில் ஆளுக்கு இடம் விட்டிருக்கிறார்! பழக்க தோஷம் என்று கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். மாமா மட்டும் அந்த இடத்தை எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வேலை இழுத்துக்கொண்டே போகட்டும், பரவாயில்லையாம்.

இதற்குள் அம்மா வழிக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற வேலையில் இருபது வருஷம் இருந்தவள். சீட்டு வாசிப்பது அவள் பொறுப்பாயிற்று. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, "மாவு மில், ரெண்டு வேகன், உள்ளே விடு. ஐஸ் ஃபாக்டரி, காலி வேகன், வெளியே எடு" என்று அதே குரலில் கூப்பிடுவாள். அக்காவும் தம்பியும் அப்படிப் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. மாலை நேரங்களில் வீடு கொஞ்சம் வீடாக இருந்தது.

நான் செய்த காரியம் இதற்குப் பிறகுதான். லேபில் பல்லுக்குப் போடும் பிசின் கொஞ்சம் மிஞ்சியது. அதில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஆளைச் செதுக்கினேன். காக்கிச் சட்டை பூசினேன். வலது கையில் நூலளவுக்கு ஒரு சிவப்புக் கொடி. செதுக்கும்போது யாரையும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஞாயிற்றுக்கிழமை மாலை, மாமா முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், மாவு மில் பாதையில் அந்த இரண்டு அங்குல இடத்தில் ஆளை மெழுகு வைத்து நிறுத்தினேன். ஆளுக்கு இடம் விட்டிருக்கிறீர்களே, இதோ ஆள் என்று கிண்டல் செய்யத்தான்.

மாமா வந்து உட்கார்ந்தார். அம்மா கூப்பிட்டாள்: "மாவு மில், ஒரு வேகன், உள்ளே விடு."

எஞ்சின் வேகனைத் தள்ளிக்கொண்டு போனது. மாமா எஞ்சினை ஓட்டுகிற குமிழைத் திருகிக்கொண்டே குனிந்து பார்த்தார். பார்த்த கணத்தில் குமிழை வெடுக்கென்று திருப்பினார். வேகன் ஆளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. நான் சிரிக்க வாயைத் திறந்தேன்.

"வெளிய வாங்க" என்றார் அந்தப் பொம்மையிடம். "அத்தான், வெளிய வாங்க அத்தான். வெளிய வந்துடுங்க."

அத்தான் என்று அவர் கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருவரைத்தான்.

அம்மா சீட்டை மடியில் வைத்தாள். பிறகு டோக்கன் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டாள்: "நீ கை காட்டும்போது அவரு உள்ள இருந்தாரா?"

மாமா தலையாட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லு."

"இருந்தாருக்கா. குனிஞ்சு கொக்கியத் தூக்கிட்டிருந்தாரு. நிமிந்த மாதிரி இருந்துது, வந்துட்டாருன்னு நெனச்சேன். அவர் வெளிய வந்து கைய ஆட்டணும், அப்புறந்தான் நான் காட்டணும். ட்யூட்டி முடியற நேரம். நான் பாக்கல. காட்டிட்டேன்."

"விசாரணையில?"

"காட்டினதுக்கப்புறம் உள்ள போனாருன்னு சொன்னேன். பயந்துட்டேங்க்கா. உன்கிட்ட சொல்லணும் சொல்லணும்னுதான் இத்தனை வருஷமும்..."

அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவள் அழுவாள், அடிப்பாள், என்னவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். அவள் முகத்தில் கணக்குப் போடுகிற பார்வைதான் இருந்தது.

"முப்பத்தோரு வருஷம்டா" என்றாள். "முப்பத்தோரு வருஷமா அவரைத்தான் திட்டிட்டிருக்கேன். செத்துப்போன மனுஷனை. இந்தப் புள்ளையைத் திட்டும்போதெல்லாம் அவரையும் சேத்துத் திட்டினேன். நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுட்டிருந்த."

எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போடுகிற சத்தம்.

மறுநாள் காலை மாமா அதே தகரப் பெட்டியோடு கிளம்பினார். போக வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னை வளர்த்த மனுஷன், எனக்கு ஜுரம் வந்தால் ராத்தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அன்றைக்கும் அளவில்லை, இப்போதும் அளவில்லை. அந்தக் கோபத்தோடேயே, போகிறவரின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்து அனுப்பினேன்.

இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். பலகை ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். "அக்கா ஏதாவது கேட்டாளா?" என்பார். இல்லை என்பேன். உண்மையும் அதுதான். அம்மா என்னை அவசரக்குடுக்கை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷமாக அதை வெறுத்தேன். நின்ற பிறகு காதுக்கு என்னவோ போல் இருக்கிறது.

அப்பாவின் படம் இப்போது கூடத்தில், பலகைக்கு மேலே இருக்கிறது. மெலிந்த முகம். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்டிருக்கிறார். அவசரக்காரர் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் லேபிலிருந்து வந்தபோது அம்மா பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து மாதத் தூசி. எதையும் யாரும் தொடவில்லை. அந்த ஆள்கூட வேகனுக்கு எதிரே அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"இது எப்படிப் பூட்டிக்கும்?" என்றாள்.

"இடிச்சாப் போதும்மா."

காகிதக் கிடங்குப் பாதையில் இருந்த இரண்டு வேகன்களை விரலால் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளினாள். கடக் என்று பூட்டிக்கொண்டன. நான் வேகன்களைக் கழற்றுகிற மெல்லிய குச்சியை நடுவே விட்டுப் பிரித்துக் காட்டினேன். அவள் மறுபடி தள்ளினாள். கடக். மறுபடி பிரித்தேன். ஏழெட்டுத் தடவை இருக்கும்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாம்மா."

மாவு மில் பாதைப் பக்கம் நகர்ந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, இரண்டு விரலால் அந்த ஆளை மெழுகிலிருந்து பிடுங்கினாள். முந்தானையால் தூசி துடைத்தாள். தண்டவாளத்தை விட்டு எட்ட, மில் வாசல் ஓரமாக நிறுத்தி, விழுகிறதா என்று கை எடுக்காமல் பார்த்தாள்.

"தள்ளியே நில்லுங்க" என்றாள் அவனிடம். "நான் சொல்றவரைக்கும் வராதீங்க."

கை எடுத்ததும் ஆள் சாய்ந்தான். நான் போய்க் கொஞ்சம் மெழுகு எடுத்துவந்தேன்.