போஸ்டரில் சிரித்த பூங்கொடி அக்கா

பூங்கொடி அக்கா இறந்த செய்தி கடை ஃபோனில்தான் வந்தது. அந்த ஃபோனை எடுப்பது எப்போதும் அக்காவின் வேலை. காய்ச்சல் என்று அவர் லீவில் இருந்ததால், அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோது நான் எடுத்தேன்.

"வணக்கமுங்க. பூங்கொடி வேலை செய்யற கடைங்களா? அவங்களப் பத்தி ஒரு விசயம் சொல்லோணுமுங்க. உங்க பேரு என்னங்க?"

தெரியாத குரல், மிகுந்த மரியாதை, தெரிந்தவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற தொடக்கம். இப்படி வந்தால் அது மோசடி அழைப்பு, உடனே வைத்துவிடுங்கள் என்று ஊரெல்லாம் ஒட்டிய போஸ்டரைச் செய்தவள் நான். வைத்துவிட்டேன். பேசியவர் ராயபுரத்தில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். மறுபடி கூப்பிட்டு, வணக்கம் சொல்லாமல் நேராகச் செய்தியைச் சொன்னார். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். விடியும்போது உயிர் போய்விட்டதாம்.

அக்காவை நேரில் தெரிந்தவர்களுக்கும், சுவரில் மட்டும் பார்த்தவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். சுவரில் பார்த்தவர்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் நான்.

எங்கள் கடையில் பனியன்களுக்கு பிரிண்ட் டிசைனும் லேபிளும் செய்கிறோம். ஃப்ளெக்ஸ், போஸ்டர் வேலையும் உண்டு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஃபோன் என்றால் கை வியர்த்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கஸ்டமர் டிசைனைத் திருத்தச் சொல்லிக் கேட்க, நான் பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனபிறகு அக்கா திட்டவில்லை. "நீ படத்தப் பாரு கண்ணு, வாய நான் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது.

சைபர் கிரைம் போலீஸின் விழிப்புணர்வு போஸ்டர் வேலை எங்களுக்கு வந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். அரசாங்க வேலை, என் டிசைன். முகம் தெரியாமல் ஹூடி போட்டு லேப்டாப் முன்னால் குனிந்திருக்கும் ஒருவனின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து, கறுப்பும் பச்சையுமாக ஒன்று செய்தேன். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. பனியன் கம்பெனி கேட்டுகளில் ஒட்டினார்கள். மறுநாளே கடை ஃபோன் அடிக்கத் தொடங்கியது. கீழே போட்டிருந்த கடைப் பெயரையும் எண்ணையும் பார்த்து, வேலை இருக்கிறதா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார்: "இல்லீங்க, ஆள் எடுக்கறதில்லீங்க. அது ஹூடி கம்பெனி விளம்பரம் இல்லீங்க, போலீஸ் போஸ்டருங்க." ஒருவர், அந்த ஹூடியில் பாக்கெட் தையல் கோணல், எந்த செக்கிங்கில் பாஸ் ஆனது என்று கேட்டாராம். அக்கா ஃபோனை வைத்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

போஸ்டர் வேலையைப் பார்த்துக்கொண்ட எஸ்.ஐ. மேடம் கடைக்கு வந்தார். ஏமாந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள் என்றார். "அவ்வளவு மரியாதையாப் பேசறப்ப எப்படிங்க வெக்கறது?" என்று கேட்கிறார்களாம்.

"அப்ப அதையே போடுங்க மேடம்" என்றார் அக்கா. "மரியாதையாப் பேசுனாலும் வெச்சுருங்கன்னு."

"படம்?"

"திருடன் திருடனாட்டவே இருந்தா எவன் ஏமாறுவான்? என்னையாட்ட ஒருத்தி சிரிச்சுப் பேசுனாத்தான் ஏமாறுவாங்க." என் பக்கம் திரும்பினார். "எடு கண்ணு ஃபோட்டோவ. முடி மட்டும் சரியா இருக்குதான்னு பாத்துக்க."

ஜன்னல் ஓரம் உட்காரவைத்து எடுத்தேன். காதில் ஃபோன், முகத்தில் சிரிப்பு. நிஜமாகவே யாரிடமோ நலம் விசாரிப்பதுபோல் இருந்தது. இது மாதிரிப் படம்தான், படத்தில் இருப்பவர் குற்றவாளி இல்லை என்று ஒரு வரி போடச் சொன்னார் மேடம். போட்டேன். ஆனால் அது கண்ணை உறுத்தியது. முகத்தையும் பெரிய எழுத்தையும் கெடுத்தது. அதனால் அடியில், ஓரத்தில், மிகச் சிறியதாக வைத்தேன். அக்கா பார்த்து, "அழகா இருக்குது" என்றார்.

இந்த முறை போஸ்டர் எல்லாருக்கும் புரிந்தது. என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். அக்காவைத்தான் ஊர் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டதை அவரே வந்து நடித்துக் காட்டினார். கஸ்டமர்களைக் கூப்பிட்டு "வணக்கமுங்க" என்றதும் சிலர் வைத்துவிடுவார்கள். அக்கா ரிசீவரை என்னிடம் காட்டிச் சிரிப்பார். "வெச்சுட்டாங்க. நம்ம போஸ்டரு வேலை செய்யுது கண்ணு."

அவர் சிரிக்காத ஒரு நாளும் உண்டு. தன் அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று அனுப்பர்பாளையத்தில் கீழ்வீடு ஒன்று பேசியிருந்தார். ஃபோனில் எல்லாம் முடிந்திருந்தது. சாவி வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து அக்கா முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "கோவிச்சுக்காதீங்க. வேற ஆளுக்குக் குடுத்துட்டோமுங்க."

"அந்த போஸ்டருங்களா? அது சும்மா ஃபோட்டோவுக்கு நின்னதுங்க. இந்தப் புள்ளயக் கேளுங்க, இவதான் எடுத்தா."

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வாய் வரவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டார். கேட்டில் 'வாடகைக்கு' அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. அக்கா இருந்தவரை அவருடைய அம்மா அந்தப் பழைய மாடிவீட்டில்தான் இருந்தார், இப்போதும் இருக்கிறார்.

படத்தை மாற்றிவிடலாம் என்று அடுத்த நாள் சொன்னேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு டெய்லர் பெண் கடைக்கு வந்து, அழைப்பு வந்தபோது இந்த முகம் ஞாபகம் வந்து வைத்துவிட்டதாக அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிப் போயிருந்தாள். "ஒருத்தி ஃபோன வெச்சிருக்கறா பாரு. இருக்கட்டும்" என்றார். மாற்றாமல் இருந்ததற்கு அதையே நானும் காரணமாக வைத்துக்கொண்டேன்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் செய்வதும் என் வேலைதான். வேறு படம் தேடினேன். ஆதார் அட்டையில் இருந்த முகம் அக்காவே இல்லை. அவருடைய அம்மாவிடம் போய் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதுக்குச் சாமி வேற? செவுத்துல இருக்குதே, அதையே போடு. என்ற புள்ள அதுலதான் லட்சணமா இருக்கறா."

காதிலிருந்த ஃபோனையும் அதைப் பிடித்த கையையும் அழித்துவிட்டு, அந்தப் படத்தையே போட்டேன். ராயபுரம் முக்கில் ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். பக்கத்துச் சுவரிலேயே என் போஸ்டரும் இருந்தது. ஒரே சிரிப்பு, இரண்டு இடத்தில். நான் கீழே நின்றிருந்தபோது ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"ஏம்பாப்பா, இது அந்த ஃபோன்ல ஏமாத்தறவதானே? செத்துட்டாளா?"

"இல்லீங்க. அவங்க யாரையும் ஏமாத்தலீங்க. ஃபோட்டோவுக்குத்தான் நின்னாங்க. நான்தானுங்க எடுத்தேன்."

"அதை அதுல எழுதிருக்கலாமில்ல?"

"எழுதியிருக்குதுங்க." விரலை வைத்துக் காட்டினேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி, சுவரோடு குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"இதென்ன, எறும்பு படிக்கறக்கா?" என்றார். பிறகு ஃப்ளெக்ஸைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அவரிடம் நான் சொன்னது, அனுப்பர்பாளையம் வீட்டு வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல எனக்கு வாய் வந்தபோது, கேட்க அக்கா இல்லை.

அடுத்துப் போகும் போஸ்டர்களில் அந்த வரியைப் பெரிதாக்கிவிட்டேன். டிசைன் கெட்டுத்தான் போயிருக்கிறது. மேடம் சரி என்றார்.

கடை ஃபோன் இப்போது என் மேசையில் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். நேற்று லேபிள் டிசைன் முடிந்ததைச் சொல்ல ஒரு கம்பெனிக்குக் கூப்பிட்டேன். அக்கா சொல்வதுபோலவே "வணக்கமுங்க" என்றேன். வைத்துவிட்டார்கள். நம்ம போஸ்டரு வேலை செய்யுது என்று சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மறுபடி அதே எண்ணை அழுத்தினேன்.