யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை

போன வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. கண்டியில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாண் வாங்குகிற விஷயத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

தெருமுனைக் கடைக்குப் போய்க் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பாண் வாங்கி வரும்படி மகனிடம் சொன்னேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. நான் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவன். எழுதுவினைஞர் வேலையிலிருந்து ஓய்வுபெற எனக்கு இன்னும் நான்கைந்து வருடங்கள்தான் இருக்கின்றன. அவன் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் மனைவி சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். தனியாக அனுப்ப வேண்டாமாம். பஸ்கள் கண்மண் தெரியாமல் வருகின்றனவாம், சந்தியில் நாய்கள் கூட்டமாக நிற்கின்றனவாம். கடைசியில் நானே போய் வாங்கி வந்தேன்.

எனக்கு ஆத்திரம். சும்மாவே இந்த விஷயத்தில் வாய் கிழியப் பேசுகிறவன் நான். எறும்புகூடக் கடிக்காமல் பிள்ளை வளர்க்கிறோம், நாங்கள் எப்படி வளர்ந்தோம் தெரியுமா என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். அன்றும் ஆரம்பித்தேன். "அப்பா, அடுத்தது கொய்யா மரக் கதைதானே?" என்றான் மகன். மனைவி சிரித்துவிட்டாள். வீட்டில் கேட்க ஆளில்லாவிட்டால் என்ன, ஊர் கேட்கட்டும் என்று கைத்தொலைபேசியை எடுத்து முகநூலில் எழுத உட்கார்ந்தேன்.

புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே மலைக்கு வேலைக்குப் போனால், திரும்பி வர மாலை ஐந்து மணியாகும். இடையில் நாங்கள் எங்கே போனோம், என்ன தின்றோம், யாரோடு சண்டை போட்டோம் என்று கேட்பார் இல்லை. அதையெல்லாம் ருசித்து எழுதினேன். ஓடையில் மீன் பிடித்தது, லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு போனது, கொய்யா மரத்திலிருந்து விழுந்தது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் இப்படி முடித்தேன்: 'நாய் கடித்தாலும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு விளையாடப் போனவர்கள் நாங்கள். எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.'

மதியத்துக்குள் விருப்பங்கள் குவிந்தன. பழைய தோட்டத்து ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியிடம் போய் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

அந்த நாய்க்கடி கற்பனை அல்ல. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்த நாட்டுப் பிரஜையாகப் பதிவானவர்கள், பெட்டி படுக்கையோடு லொறியில் கம்பளைக்குப் போவார்கள். அங்கிருந்து கோச்சி ரயில், பிறகு தலைமன்னாரில் கப்பல். மனிதர்களுக்குப் பாஸ்போர்ட் இருந்தது, நாய்களுக்கு இல்லை. லொறி புறப்பட்டால் அந்த வீட்டு நாய் தேயிலைச் சரிவு வளைவு வரைக்கும் ஓடிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்துக்கொள்ளும். அப்படி விடப்பட்ட நாய்கள் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஆறேழு இருந்தன. அவற்றுக்கு ரொட்டி போடுவது எனக்கும் என் கூட்டாளிக்கும் அன்றாட வேலை.

கூட்டாளி என்றால் லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தவன். என்னைவிட ஆறு மாதம் இளையவன். அவன் அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன், உறவு ஒன்றும் கிடையாது. எந்த விளையாட்டிலும் முடிவு எடுக்கிறவன் நான், செய்து முடிக்கிறவன் அவன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் வளர்த்த செம்பழுப்பு நாய் நாலைந்து நாள் காணாமல் போயிருந்தது. அது தள்ளாடியபடி வந்தது. இவன் சந்தோஷத்தில் ரொட்டித் துண்டோடு கிட்டப் போனான். அது ரொட்டியைப் பார்க்கவே இல்லை. கெண்டைக்காலைக் கவ்விவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

இரண்டு பல் பதிந்திருந்தது. அவ்வளவுதான். வீட்டில் சொன்னால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று பெரிய பையன்கள் சொல்லி வைத்திருந்தார்கள். நாயையும் அடித்துக் கொன்றுவிடுவார்கள். அவன் அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றான். நான்தான் தடுத்தேன். என் அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்து வந்து நானே பூசிவிட்டேன். பிறகு அவனை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், திருநீற்றைத் தொட வைத்து, யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று மூன்று முறை சத்தியம் வாங்கினேன். அட்டைக்கடியும் முள் கீறலுமாக இருந்த அந்தக் காலில் இன்னும் இரண்டு புள்ளிகளை யார் கவனிக்கப்போகிறார்கள்? யாரும் கவனிக்கவில்லை. நாயை யாரோ அடித்துக் கொன்றதாகப் பிறகு கேள்விப்பட்டு நாங்கள் இருவரும் அழுதோம்.

ஒரு மாதம் கழித்து அவர்களுடைய முறை வந்தது. லொறியில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன், பின்பலகைக்கு மேலாகக் காலைத் தூக்கி என்னிடம் காட்டினான். "பாத்தியா, ஊசி போடாமலே ஆறிருச்சு" என்றான். நானும் சிரித்தேன். லொறி போய்விட்டது.

அதற்குப் பிறகு கடிதம் இல்லை. போனவர்கள் பெரும்பாலும் எழுதவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவனை நான் மறக்கவே இல்லை. எனக்கு நரைத்தபோது அவனுக்கும் நரைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நீலகிரிப் பக்கம் எங்கோ பேரப்பிள்ளைகளோடு இருப்பான் என்று ஒரு படம் என் மனதில் இருந்தது.

ஞாயிறு எழுதினேன். செவ்வாய் பின்னேரம் இந்திய எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஒரு பெண் குரல்.

"அண்ணே, கடைசி காம்பராவுல இருந்த அண்ணன்தானே நீங்க? நான் ஒங்க கூட்டாளியோட தங்கச்சி பேசுறேன், கோத்தகிரியில இருந்து."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. லொறி ஏறும்போது அவளுக்கு ஐந்து வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். நலம் விசாரிக்கக்கூட இல்லை, "அவன் எங்கம்மா, அவன்கிட்ட போனைக் குடு" என்றேன்.

"அண்ணன் இல்லைங்கண்ணே. நாங்க இங்க வந்த மாசமே போயிருச்சு" என்றாள்.

கப்பலிலிருந்து இறங்கி மண்டபம் முகாமில் இருந்தபோது காய்ச்சல் வந்திருக்கிறது. பிறகு தண்ணீர் குடிக்க முடியவில்லை. தண்ணீரைக் கண்டாலே உடம்பு தூக்கிப்போட்டதாம். ஆஸ்பத்திரியில் பார்த்த உடனேயே, நாய் கடித்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று பெரியம்மா தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். வேறொன்றுமாக இருக்க முடியாது என்று டொக்டர் சொல்ல, அவனையே கேட்டிருக்கிறார்கள். அவன் சொல்லவில்லை. நான்காம் நாள் இறந்துவிட்டான்.

"அம்மா காலைப் புடிச்சிக்கிட்டுக் கேட்டுச்சு. சொல்ல மாட்டேன், சாமி சத்தியம்னுச்சு. என்ன சத்தியம், யாருக்குப் பண்ணுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியல" என்றாள் தங்கை.

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

அவள் பேசிக்கொண்டே போனாள். பிள்ளையை நாய் கடித்தது தெரியாமல் ஒரு தாய் இருப்பாளா என்று அப்பா கேட்ட கேள்வி, அவர் சாகும் வரை அந்த வீட்டில் இருந்ததாம். சோற்றில் உப்பு குறைந்தாலும் அந்தக் கேள்விதான் வருமாம். அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றைக்கும் தெருவில் யாருடைய பிள்ளை போனாலும் கூப்பிட்டுக் காலைத் தடவிப் பார்க்கிறாராம். நான் எழுதியதை யாரோ அனுப்பி, அந்த நாய்க்கடி வரியைப் பார்த்ததும் இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அனுப்பியவரிடமே கேட்டு என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"ஒங்களுக்கு ஏதாவது தெரியுமாண்ணே? தெரிஞ்சா அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அது மேல தப்பில்லன்னு யாராவது சொன்னா போதும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? லைன் விட்டு விட்டுக் கேட்கிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லித் துண்டித்துவிட்டேன். அவள் குரல் பக்கத்து வீட்டில் பேசுவது போல அத்தனை தெளிவாகக் கேட்டது.

முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தேன். அழித்தவுடன் எல்லாம் முடிந்துவிடும் என்று எந்தப் பைத்தியக்காரன் நினைத்தானோ தெரியாது. பிறகு அந்த நோயைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். நோய் வெளிப்பட்ட பிறகு சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஆனால் கடித்த அன்றைக்கே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான். அந்த அன்றைக்குத்தான் நான் அவன் கையைத் திருநீற்றில் வைத்துப் பிடித்திருந்தேன்.

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், தெரியாது. ஆனால் இப்போது ஐம்பத்தைந்து வயது. இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் அதற்கு என்ன பெயர்?

வியாழக்கிழமை மனைவியிடம் சொன்னேன். பாண் கதையைக் கிளறி என்னைக் குத்திக் காட்டியிருக்கலாம், அதற்கு அவளுக்கு முழு உரிமையும் இருந்தது. அவள் அப்படிச் செய்யவில்லை. கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த அம்மாகிட்ட நீங்க சொல்லப்போறீங்களா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். வீடியோ அழைப்பு. தங்கை தொலைபேசியை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். பெரியம்மாவின் முகம் சுருங்கி உள்ளங்கை அளவாகியிருந்தது. கண் மட்டும் மாறவில்லை. அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். கடைசி காம்பரா என்றதும் வாய் லேசாகத் திறந்தது.

சொல்லத் தொடங்கினேன். இடையில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். பீலி, நாய், சுண்ணாம்பு, மாரியம்மன் கோயில், மூன்று முறை சத்தியம். "பெரியம்மா, அவன் ஒங்ககிட்டதான் ஓடி வந்தான். நான்தான் விடல. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. சத்தியம் வாங்குனது நான்தான்" என்றேன்.

தங்கை அழுவது கேட்டது, படம் ஆடியது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாகப் புருஷனிடம் வாங்கியதில் பாதியையாவது என்மேல் கொட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று பட்டது. பெரியம்மா தொலைபேசியைத் தன் கையில் வாங்கி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஒன்னையக் கடிக்கலியே ராசா?"

"இல்ல பெரியம்மா."

"நெசமாவா? பொய் சொல்லாத. காலக் காட்டு, பாக்குறேன்."

ஐம்பத்தைந்து வயது ஆள் நான். அலுவலகக் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கண்டியில் என் வீட்டு முன்னறையில் நின்று, தொலைபேசியைக் கீழே பிடித்து முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் காட்டினேன். "திருப்பு" என்றார். திருப்பினேன். கொய்யா மரத்திலிருந்து விழுந்த தழும்பைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, போய்ச் சாப்புடு" என்றார். வாசலில் நின்றிருந்த என் மகன் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியம்மா இந்த வருடம் தைப்பொங்கலுக்கு முன்பு காலமாகிவிட்டார். அதுவரை மாதத்துக்கு ஒரு முறை பேசினோம். அந்த விஷயத்தை அவர் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் தெருவில் போகிற பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டதாகத் தங்கை சொன்னாள். அதைக் கேட்ட அன்று குளியலறைக்குள் போய் அழுதேன்.

மகன் இப்போது தனியாகத்தான் கடைக்குப் போய் வருகிறான், என் மனைவியே அனுப்புகிறாள். அவன் திரும்பி வந்ததும் பாணை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்டபடி அவன் கால்களைப் பார்க்கிறேன். எங்கள் காலத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறேன். எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நான் எழுதியபோது, அந்த 'ஒன்று' ஆகிப்போன என் கூட்டாளி, எனக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு இன்னும் வாய் திறக்காமல்தான் இருந்தான்.