ஜெயந்தி அக்காவின் வரிசை

பிள்ளைகளா, நம்ம காட்டில் பருத்தி எடுக்கும்போது காய்ந்த ஓட்டின் நுனி நகக்கண்ணில் சுருக்கென்று குத்துகிறதே, அந்தக் குத்துப் பட்டாலே எனக்கு ஜெயந்தி அக்கா ஞாபகம் வந்துவிடும்.

இலங்கையில் சண்டை நடந்த காலம். குண்டு விழுந்து புருஷனைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு படகேறி வந்து, இங்கே அகதி முகாமில் இருந்தவர். இருபது வயது இருந்தால் அதிகம். வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்களோடு பருத்தி எடுக்க வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் லீவு, அதனால் நானும் அம்மாவோடு அங்கேதான் கிடந்தேன்.

ஆளுக்கு ஒரு வரிசை. முதலில் முடித்தவர்கள், பின்தங்கியவரின் வரிசையில் மறுகோடியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். அதற்கு 'எதிர் புடிக்கிறது' என்று பேர். ஜெயந்தி அக்காவுக்கு மட்டும் யாரும் எதிர் பிடிக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். "முகாமுல அரிசி போடுறாங்கல்ல, இங்க எதுக்கு வரா? வரிசைய முடிக்கலன்னா நாளைக்கு வராத" என்று, ஆள் சேர்த்துவிடும் ராசாத்தி அத்தை காதில் விழும்படியே சொன்னது. எங்கம்மாவும் வரப்பில்தான் உட்கார்ந்திருந்தது. நானும்தான்.

மூன்றாம் நாள் வேலமரத்துத் தூளியில் குழந்தை வீறிட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. கை மட்டும் பருத்தியில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்டி, புள்ள கத்துறது காதுல வுழலையா?" என்று ராசாத்தி அத்தை கேட்டது.

"கேக்குது அக்கா. இதை முடிக்காட்டி நாளைக்கு வரவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ராசாத்தி அத்தை வெற்றிலையைத் துப்பியது. மடியை இழுத்துக் கட்டிக்கொண்டு மறுகோடிக்கு நடந்தது. "போடி, போய்ப் பால் குடு. நான் எதிர்ல வரேன்." பிறகு வரப்பைப் பார்த்து ஒரு அதட்டல்: "ஏன், உங்களுக்கெல்லாம் தனியா பத்திரிகை வைக்கணுமா?"

அம்மாவுக்கு முன்னால் நான் ஓடினேன்.

அப்புறம் பக்கத்து ஊர்க்காரி யாராவது "அகதிப் பொண்ணா?" என்று கேட்டால், "எங்க செட்டு ஆளு" என்று அத்தை முறைக்கும். குழந்தைக்கு எங்கள் ஊர்க் கோயிலில்தான் மொட்டை. தாய்மாமன் மடி வேண்டுமே என்று தன் மகனையே உட்கார வைத்தது.

சண்டை ஓய்ந்த பிறகு ஜெயந்தி அக்கா மகளோடு தன் ஊருக்கே போய்விட்டார். ராசாத்தி அத்தையும் இப்போது இல்லை. அந்தக் காடெல்லாம் மக்காச்சோளம், மெஷின் அறுக்கிறது. மெஷினுக்கு யார் எதிர் பிடிப்பது? ஆனால் ஒரு வரிசை முடிவதற்குள் ஒருத்தர் நம்ம ஆளாகிவிட முடியும், நான் கண்ணால் பார்த்தவன். உங்கள் வகுப்பில் யாராவது புதிதாக வந்து தனியாக உட்கார்ந்திருந்தால், நீங்கள் முதலில் எழுந்து போங்கள்.

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் மட்டும் நம்ம பருத்திக் காட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் பாதி எடுத்தேன், எதிர் பிடிக்க ஆள் இல்லை. அப்புறம் சுற்றிக்கொண்டு மறுகோடிக்குப் போய், அங்கிருந்து நடுவரைக்கும் எடுத்து முடித்தேன்.