அம்புக்குறி இருந்தது, புள்ளி இல்லை

தங்கவேல் சார் இறந்துவிட்டார். இன்று காலை, விருதுநகரில் அவர் வீட்டில்.

போனில் சொன்னவர் "உங்க சார் போயிட்டாரு" என்றார். அவர் எனக்கு சார் இல்லை. நான் எந்தக் கல்லூரியிலும் படித்தவன் இல்லை.

அவரிடம் பிசிக்ஸ் படித்த பலர் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறீர்கள். கோபம் வரும். வரட்டும்...

அறுபதுகளில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நெகட்டிவ் டச்சிங் எனக்கு வேலை. நெகட்டிவ் எடுக்கும்போது தூசி விழுந்தால் அந்த இடம் ஊசித்துளை போலாகி, தாளில் கரும்புள்ளியாக வரும். மெல்லிய தூரிகையில் மை தொட்டு அதை மூட வேண்டும். சாமி முகத்தில் ஒரு புள்ளி இருந்தால் போதும், காலண்டர் லோடு மொத்தமும் திரும்பி வந்துவிடும்.

லேசர் வந்த புதிது. எம்.எஸ்சி. மாணவர்களுக்காக நான்லீனியர் ஆப்டிக்ஸ் பற்றிச் சிறு புத்தகம் எழுதி எடுத்துக்கொண்டு சார் எங்களிடம் வந்தார். அமெரிக்க ஆராய்ச்சி இதழில் வந்த ஒரு படத்தையும் போட்டோ எடுத்து வைத்திருந்தார்.

லேசரின் சிவப்பு ஒளி குவார்ட்ஸ் கல்லுக்குள் போகிறது. வெளியே வரும்போது அதில் துளியளவு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவாக மாறியிருக்கிறது. அலைநீளம் சரிபாதி. அதற்குச் சாட்சி, படத்தில் அம்புக்குறி காட்டும் ஒரு சின்னப் புள்ளி. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

புத்தகம் அச்சாகி வந்தது. அம்புக்குறி இருந்தது. புள்ளி இல்லை.

"ஏலே, படத்துல இருந்த புள்ளிய என்னலே பண்ணுன?" என்றார் முதலாளி.

"புள்ளியே இல்ல முதலாளி. அந்த எடத்துல நான் தூரிகையே வைக்கல."

சார் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியிடம்தான் சொன்னார். "தூசின்னு நெனச்சு சயின்ஸையே தொடச்சுட்டான்யா உங்க ஆளு." எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கொடுத்த போட்டோவும் நெகட்டிவும், அச்சுக்குப் பிளேட் போட்ட அன்றே குப்பைக்குப் போயிருந்தன. எங்கள் வழக்கம் அப்படி. "புரூஃபில கையெழுத்துப் போட்டது நீங்கதான சார்? எழுத்தப் பார்த்தீக, படத்தப் பார்த்தீகளா?" என்று கேட்டேன். அதோடு என் வேலை போனது.

வேறு எந்த அச்சகமும் சேர்க்கவில்லை. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். இரண்டாவது சீசனில் வெடிமருந்து தீப்பிடித்துக்கொண்டது. எனக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. பக்கத்தில் இருந்த இருவர் வீடு திரும்பவில்லை.

நான் அழித்ததாகச் சொன்ன பொருள் என்னவென்று தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. டிக்ஷனரியை வைத்துக்கொண்டு சாருடைய அதே புத்தகத்தைப் படித்தேன். அதன்பின் வேறு புத்தகங்கள். யாரிடமும் சந்தேகம் கேட்கப் போகவில்லை.

பல வருடம் கழித்து, மதுரையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றில் நாலு வரி... அமெரிக்காவில் அந்த இதழை அச்சிடும்போதே புள்ளியை அழுக்கென்று நினைத்து எடுத்துவிட்டார்களாம். சார் கொண்டுவந்த படத்திலேயே புள்ளி கிடையாது.

அன்றைக்கே பஸ் ஏறி விருதுநகர் போனேன். சார் அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"தப்பு எம்மேலதான்" என்றார்.

"இத முதலாளிகிட்ட வந்து சொல்லுவீகளா?"

"அவரு செத்து நாலு வருசமாச்சே."

எனக்கு அது தெரியாது.

புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு, "வருசா வருசம் கிளாஸ்ல இந்தக் கதையச் சொல்லித்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன். பயலுக அப்படிச் சிரிப்பானுக... நான் இருக்குற வரைக்கும் வெளிய சொல்லிராதீக" என்றார்.

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவர் வகுப்பில் கதையை மாற்றவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மன்னிக்கவில்லை. நாளை பத்து மணிக்கு எடுக்கிறார்கள், வருவேன்.

நேற்றுவரை யாரிடமும் சொல்லவில்லை சார். போய் வாருங்கள்.